பேச வராதவனுக்குத்தான் பட்டம் வேண்டும்

(தருமபுரியில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: "பேச்சுத் திறன் பெரிதும் வளர்வது பட்டப் படிப்பாலா? பட்டறிவாலா?" பட்டப் படிப்பு அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



நடுவர் அவர்களே, எதிரணியிலே மூணு பேர். ஒருத்தர் எம்.ஏ., ஒருத்தர் எம்.ஃபில்., ஒருத்தர் என்னை மாதிரி முனைவர். மூணு பேரும் இந்த மைக்குக்கு முன்னாடி வந்து, "பேச்சுக்குப் படிப்பு எதுக்குங்க?" என்று கேட்கிறார்கள். மொட்டை மாடியிலே காற்று வாங்கிக்கொண்டே, "இந்த ஏணி எதுக்குங்க, எடுத்துக் கொல்லையிலே போடுங்க" என்று சொல்வது போல இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

முதலில் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். கைதட்டலும் நிறைய வாங்கினார். "தகடூரிலே அதியமானுக்காகத் தூது போன ஔவையார் எந்தக் காலேஜ்? பாப்பாரப்பட்டியிலே கண்மூடிய சுப்பிரமணிய சிவா எந்த யுனிவர்சிட்டி?" நல்ல கேள்வி. இந்த மண்ணிலே நின்றுகொண்டு இந்த இரண்டு பேரையும் சொல்லிவிட்டால் எதிரி வாயைத் திறக்க முடியாது என்று ஒரு கணக்கு. நான் இதே மாவட்டத்துக்காரன், பாப்பாரப்பட்டிப் பக்கம். எங்க ஊர்க்காரரை வைத்தே என்னை அடிக்கப் பார்க்கிறார்!

சிவாவைச் சொல்றேன் கேளுங்க. வத்தலக்குண்டிலே 1884-இல் பிறந்தவர். 1908-ஆம் வருஷம் தூத்துக்குடிக்கு வருகிறார். அந்தக் காலத்திலே அரசியல் கூட்டம் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ். வக்கீல்கள் பேசுவார்கள், வக்கீல்கள் கேட்பார்கள், வக்கீல்களே கைதட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சிவாவும் வ.உ.சி.யும் தெருவிலும் கடற்கரையிலும் நின்று தமிழிலே பேசினார்கள். மில் கூலிக்காரனுக்குப் புரிகிற தமிழ். பிப்ரவரி மாதக் கடைசியிலே கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்பதே நாளிலே முதலாளி இறங்கி வந்தான். ஜூலை 7-ஆம் தேதி திருநெல்வேலியிலே நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். பேசிய குற்றத்துக்காக சிவாவுக்குப் பத்து ஆண்டு. வ.உ.சி.க்கு இரண்டு இருபது ஆண்டுகள். அதிலே ஓர் இருபது, சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்காக! பேசினவருக்குப் பத்து வருஷம், பேச வைத்தவருக்கு இருபது வருஷம். நடுவர் அவர்களே, எங்க எல்லாரையும் பேச வைக்கிறவர் நீங்கள். கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்! (பலத்த சிரிப்பு)

மேல்முறையீட்டிலே தண்டனை குறைந்தது. 1912-இல் வெளியே வந்தபோது சிவாவின் உடம்பிலே தொழுநோய். ரயிலிலே ஏறக் கூடாது என்றது அரசாங்கம். வாயை அடைக்க முடியாதவன் காலைக் கட்டினான். அந்த மனிதர் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1925 ஜூலை 23-ஆம் தேதி, நாற்பது வயதிலே, இதோ பக்கத்திலே இருக்கிற பாப்பாரப்பட்டியிலே உயிரை விட்டார்.

அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பேசக் கற்றுக் கொடுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பரே, சிவா கோடியிலே ஒருத்தர். சூரியனுக்குத் தீப்பெட்டி வேண்டாம். அதுக்காக என் வீட்டு விளக்குக்கும் வேண்டாம் என்று சொல்வீர்களா? பிறவிப் பேச்சாளனுக்காக நான் இங்கே வாதாட வரவில்லை. அவனுக்குப் படிப்பு இருந்தாலும் பேசுவான், இல்லாவிட்டாலும் பேசுவான், சில சமயம் நிறுத்தச் சொன்னாலும் பேசுவான். (சிரிப்பு) பேச வராத மனுஷனுக்காகத்தான் வந்திருக்கிறேன். எனக்கு அப்படி ஒருத்தரை நன்றாகத் தெரியும்.

எங்கப்பா.

ஒன்றரை ஏக்கர் மானாவாரி. கேழ்வரகு, அவரை, ஓரத்திலே நாலு புளியமரம். 1983-ஆம் வருஷம். நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும், தமிழ்நாடே காய்ந்து கிடந்த வருஷம். வறட்சி நிவாரணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனால், "உன் பேரிலே நிலமே இல்லையேப்பா" என்கிறார்கள். எங்கள் பட்டா எப்படியோ பங்காளி ஒருத்தர் பேருக்கு மாறியிருந்தது. வேண்டுமென்று செய்தார்களா, எழுதினவர் கை தவறியதா, இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பெரிய அதிகாரியைப் பார்த்துச் சொன்னால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குப் பன்னிரண்டு வயசு. பஸ்ஸிலே வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறார். "ஐயா, சர்வே நம்பர் இன்னது, எங்கப்பன் காலத்திலிருந்து நாங்கதான் உழுவுறோம், கிஸ்து ரசீது இதோ இருக்குது..." தேவாரம் மனப்பாடம் பண்ணுகிற மாதிரி. நாலு தடவை என்னிடம் ஒப்பித்தார். ஒரு தப்பு இல்லை.

மூன்று மணி நேரம் வெளியிலே நின்றோம். உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, "என்னய்யா?" என்றார்.

எங்கப்பா துண்டை எடுத்துக் கக்கத்திலே வைத்தார். தொண்டையைச் செருமினார். அப்புறம் சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க சாமி. சும்மா உங்களைக் கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

(சிரிப்பு)

சிரிங்க, சிரிங்க. நானும் பல மேடையிலே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டா சரியாகப் பதினோரு வருஷம் ஆயிற்று. பதினோரு வருஷமும் கூட்டுறவு வங்கியிலே கடன் கிடையாது. வெளியிலே வட்டிக்கு வாங்கினோம். எங்கம்மா காதிலே இருந்த தோடு போனது போனதுதான். கடைசி வரைக்கும் வேப்பங்குச்சிதான்.

நடுவர் அவர்களே, எதிரணி சொல்கிறதே பட்டறிவு, அது எங்கப்பாவுக்குக் குறைச்சலா? மண்ணைக் கிள்ளி வாயிலே போட்டு ருசி சொல்வார். மாட்டின் நடையைப் பார்த்து நோயைச் சொல்வார். திண்ணையிலே உட்கார்ந்தார் என்றால் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஊரே சிரிக்கும். பட்டறிவு மலை மாதிரி இருந்தது. அந்த மேசைக்கு முன்னாடி அது ஏன் கைகொடுக்கவில்லை?

இன்னொரு பக்கமும் பாருங்கள். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஒரே ஒரு தடவை தலையை நிமிர்த்தி, "உட்காருய்யா, எங்கிருந்து வர்றே? கையிலே என்ன காகிதம்?" என்று கேட்டிருந்தால் போதும், அப்பா கொட்டியிருப்பார். அப்பாவுக்குப் பேச வரவில்லை. அவருக்குக் கேட்க வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு படிப்பு இருக்கிறது. அதற்குப் பேர்தான் பேச்சுத் தொடர்பியல். நம்ம ஊரிலே இந்தப் பேரைச் சொன்னால், "ஓ, மைக் பிடிக்கிற படிப்பா?" என்கிறார்கள்.

அந்தப் படிப்பு எப்படி வந்தது தெரியுங்களா? பழசு என்றால் ரொம்பப் பழசு. ஐரோப்பாவின் முதல் பல்கலைக்கழகங்களிலே மாணவன் நுழைந்ததும் மூன்று பாடம்: இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை. பிறகு அச்சு வந்தது, புத்தகம் பெருகியது, எழுத்து முதலாளி ஆகிவிட்டது. பேச்சு திண்ணைக்குப் போய்விட்டது. அமெரிக்காவிலே பேச்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் பலரும் ஆங்கிலத் துறையிலே ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள், பெரிய குடும்பத்திலே மூத்தாள் பிள்ளை மாதிரி. 1914-இல் சிகாகோவிலே ஆங்கில ஆசிரியர்கள் மாநாடு. சிகாகோ என்றால் நமக்கு 1893-இல் விவேகானந்தர் பேசியதுதான் ஞாபகம் வரும். இது வேறு மாநாடு. அங்கே பதினேழு ஆசிரியர்கள் எழுந்து, "பேச்சு என்பது கட்டுரையை வாய்விட்டுப் படிப்பதில்லை, அது தனிக்கலை, தனித்துறை" என்று பிரிந்து தனிச் சங்கம் வைத்தார்கள். பதினேழே பேர்! நம்ம ஊரிலே ஒரு கட்சி உடைந்தால்கூட இதைவிட அதிகம் பேர் வெளியே வருவார்கள். (சிரிப்பு)

அந்தச் சங்கம் தொடங்கும்போது பேர், மேடைப் பேச்சு ஆசிரியர் சங்கம். 1970-இல் பேச்சுத் தொடர்பியல் சங்கம் என்று மாறியது. 1997-இல் "பேச்சு" என்ற சொல்லையே எடுத்துவிட்டுத் தொடர்பியல் சங்கம் என்று வைத்துக்கொண்டார்கள். ஏன்? மேடையிலே நிற்கிறவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக எதிரே உட்கார்ந்திருக்கிறவனையும் பார்க்கத் தொடங்கினார்கள். கேட்பது எப்படி, நாலு பேர் கூடி ஒரு முடிவுக்கு வருவது எப்படி, புருஷன் பெண்டாட்டி சண்டை எந்தச் சொல்லிலே ஆரம்பிக்கிறது, நோயாளி டாக்டரிடம் எதைச் சொல்லாமல் விடுகிறான், எல்லாம் பாடம். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஒரு பாடம் இருக்கிறது என்றதும் நிறையப் பேர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்! (சிரிப்பு)

டாக்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம்ம நாட்டிலேயே 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலே, நோயாளியிடம் பேசுவது எப்படி, கேட்பது எப்படி, கெட்ட செய்தியைச் சொல்வது எப்படி என்று தனிப் பாடப்பகுதி வைத்திருக்கிறார்கள். கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் போதாது, நாக்கைப் பிடிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மருத்துவப் படிப்பே ஒத்துக்கொண்டுவிட்டது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதுதான் பாடம். எதிரணி நண்பர்கள் மட்டும்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் அமெரிக்கா, டாக்டர். தமிழனுக்குப் பேச்சு ரத்தத்திலேயே இருக்கிறது" என்றார் இரண்டாவதாகப் பேசியவர். ரத்தத்திலே இருப்பது சர்க்கரைங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) பேச்சு ரத்தத்திலே இருந்திருந்தால் வள்ளுவர் ஏன் இத்தனை அதிகாரம் எழுத வேண்டும்? இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, வாய்மை, சொல்வன்மை, தூது, அவையறிதல், அவையஞ்சாமை. எட்டு அதிகாரம், எண்பது குறள். வரிசையைப் பாருங்கள். பேச்சின் குணம் என்ன, குற்றம் என்ன, எதிரே இருப்பவன் யார், நடுக்கத்தை எப்படி ஜெயிப்பது. இது பாடத்திட்டம் இல்லாமல் வேறு என்ன? கற்றதை எடுத்துச் சொல்லத் தெரியாதவனை மணமில்லாத பூங்கொத்து என்கிறார். அதற்கு முந்தைய குறளிலேயே, சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவன்தான் நிறையப் பேசுவான் என்கிறார். அது எனக்கு; நடுவர் மணியைத் தொடுவது தெரிகிறது. (சிரிப்பு) வேகமாகப் போகிறேன்.

தமிழ் மேடைப் பேச்சின் கதையை எடுத்துக்கொண்டாலும், நடுவர் அவர்களே, படிப்பு உள்ளே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர். பாதிரியார் பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்பிலே வேலை செய்தவர். அவர்கள் பிரசங்கம் செய்கிற முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தார். எப்படித் தொடங்குகிறார்கள், எப்படிப் பகுத்துச் சொல்கிறார்கள், எப்படிப் பாமரனுக்குப் புரிய வைக்கிறார்கள், எல்லாம் கவனித்தார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கம் தொடங்கினார். எந்த முறையை எதிர்த்தாரோ அந்த முறையையே படித்துத் தேர்ந்து எதிர்த்தார். அது வெறும் பட்டறிவா?

இப்போது நம்ம கல்லூரிக்கு வாருங்கள். இங்கேதான் என் வயிற்றெரிச்சல். தமிழ்நாட்டிலே விஷுவல் கம்யூனிகேஷன் இருக்கிறது, இதழியல் இருக்கிறது. கேமரா பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள், எடிட்டிங் கற்றுத் தருகிறார்கள். நல்ல படிப்புகள்தான். எதிரே இருக்கிற மனுஷனோடு பேசுவதற்குத்தான் இடமில்லை. தமிழ்ப் படிப்பிலே சில கல்லூரிகளில் பேச்சுக்கலை என்று ஒரு தாள் உண்டு. நானே ஒரு வருஷம் அதற்கு வினாத்தாள் எடுத்தேன். தேர்வு எப்படி நடந்தது தெரியுமா? எழுத்துத் தேர்வு! "சிறந்த பேச்சாளருக்குரிய இயல்புகளை விவரி. பத்து மதிப்பெண்." மூன்று மணி நேரம் ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் மால்பிராக்டிஸ்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அந்த வினாத்தாளை எடுத்த பாவத்துக்குத்தான் இன்றைக்கு இந்த அணியிலே நின்று பரிகாரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கொடுமை. "கம்யூனிகேஷன்" என்றாலே இங்கே இங்கிலீஷ் என்று அர்த்தம் ஆகிவிட்டது. "பையன் எப்படி?" "மார்க் எல்லாம் நல்லா இருக்கு சார், கம்யூனிகேஷன்தான் வீக்." என்ன சொல்கிறார் என்றால் இங்கிலீஷ் வரவில்லை என்கிறார். என் மாணவி ஒருத்தி. எல்லையோரக் கிராமம். வீட்டிலே தெலுங்கு, சந்தையிலே கன்னடம், பள்ளிக்கூடத்திலே தமிழ். மூன்று மொழியிலும் பேரம் பேசி, தக்காளிக் கூடைக்கு இரண்டு ரூபாய் அதிகம் வாங்குகிற கெட்டிக்காரி. ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். தமிழிலேயே சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். மூன்று மொழி தெரிந்த பிள்ளை ஒரு மொழியிலும் பேசவில்லை. வெளியே வந்து என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள்: "என்னைப் பத்திச் சொல்லுன்னு இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை சார். என்ன சொல்றதுன்னே தெரியல."

இங்கிலீஷ் டியூஷன் வைத்தால் இது சரியாகிவிடுமா? நாலு பேர் முன்னாடி உட்கார்ந்து தன்னைப் பற்றிச் சொல்கிற இடமே அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கையிலே கிடைக்கவில்லை. வகுப்பறையிலே பதினைந்து வருஷம் "பேசாதே, கையைக் கட்டு" என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, பதினாறாவது வருஷம் "பேசு" என்கிறோம். மூன்று வருஷம், வாரம் ஒரு தடவை, தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்காத ஓர் அறையிலே, பேசிப் பழகி, பேசினதைத் திரும்பக் கேட்டு, "இந்த இடத்திலே நீ ஏன் நிறுத்தினே?" என்று ஓர் ஆசிரியர் கேட்க வேண்டும். அதுக்குத்தான் பட்டப் படிப்பு.

சரி, ஔவையாருக்கு வருகிறேன். தகடூரிலே நின்றுகொண்டு பாட்டியை விட்டுவிட்டுப் போனால் நீங்கள் என்னை விட மாட்டீர்கள். அதியமான் தூது அனுப்புகிறான். காஞ்சித் தொண்டைமான் போருக்குத் தயார். ஔவை போகிறார். தொண்டைமான் என்ன செய்கிறான்? தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டுகிறான். பார்த்து மிரளட்டும் என்று. அவர் மிரட்டலுக்குப் பதில் மிரட்டல் தரவில்லை. "அடேயப்பா, உன் வேலுக்கெல்லாம் மாலை போட்டு, மயிற்பீலி சூட்டி, நெய் தடவி, காவல் மாளிகையிலே எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாய்! எங்க ஆள் வேல் பாவம், முனை முறிந்து எப்பவும் கொல்லன் பட்டறையிலேதான் கிடக்கிறது" என்ற பொருள்பட ஒரு பாட்டு. புறநானூற்றிலே 95-ஆவது. அவ்வளவுதான்.

கவனியுங்கள். யுத்தம் என்ற பேச்சே எடுக்கவில்லை. "நீ சண்டைக்கே போகாதவன், எங்க ராஜா தினமும் சண்டையிலே இருப்பவன்" என்பது தொண்டைமானுக்குத் தானாகவே புரிய வேண்டும். புரிந்தது. அவனாகக் கண்டுபிடித்த உண்மை என்பதாலே அவனுக்குக் கோபமும் வர வழியில்லை. யாரிடம் பேசுகிறோம், அவன் எதிலே பெருமைப்படுகிறான், எதைச் சொல்லாமல் விட்டால் அவனே சொல்லிக்கொள்வான், இந்த மூன்றும் தெரிந்த ஒரு பெண், ராஜாவின் ஆயுதச்சாலையிலே தனியாக நிற்கிறார். நண்பரே, ஔவைக்குச் சான்றிதழ் இல்லைதான். ஆனால் பாணர் மரபும் புலவர் மரபும் சின்ன வயசிலிருந்து திணை, துறை, அவை என்று பழக்கிப் பழக்கித்தான் ஒருத்தரை அந்த இடத்துக்கு அனுப்பியது. அந்தப் பள்ளி மூடிப்போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. புதுசாக ஒன்று கட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கட்டினால் என்ன கிடைக்கும்? கதை வேண்டாம், நம்ம மாவட்டத்திலே நடந்ததையே சொல்கிறேன். சொல்ல வாய் கூசுகிற விஷயம். பெண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுகிற கொடுமை இந்தப் பக்கத்திலே இருந்தது. மறைத்து என்ன லாபம்? 1992-இல் சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 2001-இல் இங்கேயும் வந்தது. அதற்கு நடுவிலே, 1990-களின் கடைசியிலே, கலைப்பயணம் என்று ஒன்று ஊர் ஊராக வந்தது. இந்த ஊர்களிலிருந்தே இளைஞர்களையும் பெண்களையும் எடுத்து, பயிற்சி கொடுத்து, வீதி நாடகம் போட வைத்தார்கள். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதுசு. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்திலே ராத்திரி பார்த்தேன்.

நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? "ஏ தாயே, நீ பேயா?" என்று மேடைப் பேச்சாளன் கேட்கிற மாதிரி கேட்பார்கள் என்று. நானாக இருந்தால் அப்படித்தான் பேசியிருப்பேன், கைதட்டலும் வாங்கியிருப்பேன். ஒரு குழந்தையும் பிழைத்திருக்காது. அவர்கள் தாயைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தவில்லை. மாமியார் முணுமுணுப்பதைக் காட்டினார்கள். வரதட்சணைக் கணக்குப் போடுகிற மாமனைக் காட்டினார்கள். வாசலிலே பீடி குடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கிற புருஷனைக் காட்டினார்கள். முடிந்ததும் கைதட்டல் இல்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிழவி, "நெசந்தான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

அந்தக் கொடுமை குறைந்ததற்கு நாடகம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். சட்டம், நர்ஸம்மாக்கள், தொட்டில், மகளிர் குழுக்கள் எல்லாரும் உழைத்தார்கள். ஆனால் இருபது வருஷமாக மேடையிலே தொண்டை கிழியக் கத்தினவன் வாங்காத ஒரு "நெசந்தான்" அந்தப் பிள்ளைகள் வாங்கினார்கள். யாரை நோக்கிப் பேசுவது, யாரைக் குத்தக் கூடாது என்று அவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததாலே வாங்கினார்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் அதுவரைக்கும் பேசிய பேச்செல்லாம் யாருக்காகப் பேசினேன் என்று ஒரு கேள்வி.

எதிரணித் தலைவர் கடைசியாக எழுந்து ஒகேனக்கல் பரிசல்காரரைச் சொல்வார். எனக்குத் தெரியும், வரும்போது வேனிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். (சிரிப்பு) "பரிசல் ஓட்டுகிறவன் டிகிரி வாங்கினானா?" என்று கேட்பார். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பரிசல்காரர் மகன் எட்டு வயசிலே அப்பனோடு ஏறுகிறான். எந்தப் பாறை எந்தத் தண்ணீருக்கு முழுகும், எந்தச் சுழி எந்த மாதம் இழுக்கும் என்று அப்பன் சொல்லிக்கொடுக்கிறான். ஆளில்லாத நேரம் பார்த்துத் துடுப்பைக் கையிலே தருகிறான். பத்து வருஷம் கழித்துத்தான் தனியாக விடுகிறான். ஆசிரியர் இருக்கிறார், பாடம் இருக்கிறது, செய்முறை இருக்கிறது, தேர்வும் இருக்கிறது; அந்தத் தேர்விலே தோற்றால் அரியர் எழுத ஆள் இருக்க மாட்டான்! (சிரிப்பு, கைதட்டல்) அது எங்கள் அணிக்குச் சேர வேண்டிய படிப்பு. பேச்சுக்கு மட்டும் அப்பன் துடுப்பைக் கையிலே தராமல் பிள்ளையை ஆற்றிலே தள்ளிவிடச் சொல்கிறீர்களே, நியாயமா?

(மணி அடிக்கிறது)

நடுவர் அவர்களே, ஒரே ஒரு நிமிஷம். எங்கப்பா கதையை முழுசாகச் சொல்லவில்லை.

நான் முதன்முதலாக டெலிவிஷனிலே பட்டிமன்றம் பேசினது ஒரு பொங்கலுக்கு. எங்க வீட்டிலே அப்போது டி.வி. கிடையாது. அப்பா பக்கத்து வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து பார்த்திருக்கிறார். மறுநாள் நான் ஊருக்குப் போனேன். ஊரெல்லாம், "என்னமா பேசினே, என்னமா பேசினே" என்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி களி தின்னும்போது நானே கேட்டேன்: "என்னப்பா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நல்லாத்தான் பேசுறே." களியை உருட்டிக் குழம்பிலே தோய்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு ஆபீசுக்கு உன்னையும் கூட்டிட்டுத்தானே போனேன். பஸ்ஸுல நாலு தடவை உங்கிட்டே ஒப்பிச்சேன். நீயாவது சொல்லியிருக்கலாமேடா?"